ஒரே ஆள், பதினைந்து வெப்சைட்: வாடிக்கையாளர் தளங்களைக் கட்டி மேய்ப்பது எப்படி

நிலாவெளியில் இரண்டு கெஸ்ட் ஹவுஸ், உப்புவெளியில் ஒரு டைவிங் சென்டர், டவுனுக்குள் ஒரு ஹாட்வெயார் கடை, ஒரு டியூஷன் சென்டர், ஒரு கோயில் பரிபாலன சபை. திருகோணமலையில் இருந்துகொண்டு வெப்சைட் வேலை செய்பவரின் வாடிக்கையாளர் பட்டியல் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். தளத்தைச் செய்து கொடுப்பது பெரிய வேலையில்லை. மூன்று வருடம் கழித்தும் அத்தனையும் திறக்க வேண்டும், படிவம் போய்ச் சேர வேண்டும், யாரும் உள்ளே புகுந்திருக்கக் கூடாது, அதுதான் வேலை. அநேகமாக எல்லாமே வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் கட்டிய தளங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் நடைமுறையில் அப்படித்தான்.

தளங்கள் நாலைந்தைத் தாண்டிவிட்டால் கோடிங் திறமையைவிட ஒழுங்குதான் காப்பாற்றும். என் கணக்கில் அந்த ஒழுங்கு இரண்டே விஷயம்: எல்லாத் தளமும் உள்ளுக்குள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஆனால் எந்தத் தளமும் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

ஒரே மாதிரி என்றால் வெளித்தோற்றத்தைச் சொல்லவில்லை. படிவத்துக்கு ஒரே பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கிற துணை மென்பொருள்), பேக்கப்புக்கு ஒரே பிளகின், கேஷுக்கு (பக்கத்தை வேகமாகக் காட்ட எடுத்துவைக்கிற பிரதி) ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, முடிந்தால் தோற்றத்தைத் தருகிற தீமும் ஒன்றே, அதன்மேல் ஒவ்வொருவருக்கும் அவரவர் மாற்றங்களை மட்டும் வைக்கிற ஒரு சைல்ட் தீம். டைவிங் சென்டர்காரர் எங்கேயோ பார்த்த அழகான ஸ்லைடரைக் கேட்பார். அதை அவருக்கு மட்டும் போட்டுக் கொடுத்தால், அந்த ஒரு பிளகினுக்காக மட்டும் ஒவ்வொரு வாரமும் தனியாகக் கண் வைத்திருக்க வேண்டும். மறுத்துவிடுங்கள், அல்லது உங்களிடம் இருக்கிற கருவிகளாலேயே அதே தோற்றத்தைக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் ஒரு அட்டவணை. கூகுள் ஷீட் போதும். டொமைன் எங்கே பதிந்தது, எப்போது முடிகிறது, ஹொஸ்டிங் எங்கே, வேர்ட்பிரஸ் ஓடுகிற மொழியான பிஎச்பி எந்தப் பதிப்பு, மெயில் எங்கே ஓடுகிறது, பணம் கட்டுவது யார், பிரச்சினை என்றால் யாரோடு கதைப்பது. இந்தக் கடைசி விபரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. முதலாளி வெளிநாட்டில் இருப்பார், மனேஜர் மாறியிருப்பார், பழைய மனேஜரின் போனுக்குத்தான் ஓடிபி போகும். பாஸ்வேர்ட் எதையும் இந்த ஷீட்டில் எழுத வேண்டாம், அதற்கு பிட்வோர்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்ட் மனேஜரைப் பாவியுங்கள்.

டொமைன் வாடிக்கையாளரின் பெயரில்தான் இருக்க வேண்டும். டொட் கொம் ஆக இருந்தாலும், டொட் எல்கே ஆக இருந்தாலும், டொட் இலங்கை என்ற தமிழ் முகவரியாக இருந்தாலும் இதில் பேச்சே இல்லை. உங்கள் பெயரில் பதிந்து வைத்தால் இன்றைக்கு வசதியாக இருக்கும், நாளைக்கு மனக்கசப்பு வரும்போது சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். இன்னொன்று, டொமைன் கணக்கின் மீட்பு மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் சேர்ந்து செத்துவிடும், புதுப்பிக்கச் சொல்லி வருகிற அறிவித்தலும் உங்களுக்கு வராது. பதிவுக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) கட்டாயம். 2021 பெப்ரவரியில் கூகுளின் டொட் எல்கே முகவரி உட்படச் சில இலங்கை முகவரிகள் டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சேர்வரோடு இணைக்கிற பதிவேடு) மட்டத்திலேயே வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டது நினைவிருக்கலாம். அங்கே கை வைத்துவிட்டால் உங்கள் தளம் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டியிருந்தாலும் பயனில்லை.

ஒட்டாமல் வைப்பது

மலிவு என்பதால் பலரும் ஒரே ஹொஸ்டிங் கணக்கு எடுத்து, அதற்குள் பத்துத் தளங்களை ஆட்-ஒன் டொமைனாகப் போட்டுவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான பழக்கம் இந்தத் தொழிலில் இல்லை. அந்தப் பத்துத் தளத்தின் ஃபைல்களும் சேர்வரில் ஒரே பயனர் பெயரில் ஓடுகின்றன. டியூஷன் சென்டரின் தளத்தில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு பிளகினின் ஓட்டை வழியாக ஒருவன் நுழைந்தால், பக்கத்து ஃபோல்டரில் இருக்கிற கெஸ்ட் ஹவுஸின் கொன்ஃபிக் ஃபைலை (தளத்தின் அமைப்பு விபரங்கள் இருக்கிற ஃபைல்) அவனால் வாசிக்க முடியும், அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அப்படியே எழுதியிருக்கும். நீங்கள் ஒரு தளத்தைச் சுத்தம் செய்து முடிக்கும் முன்னரே மற்றதிலிருந்து திரும்ப வந்துவிடும். இரவு முழுக்க துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே ரீசெல்லர் திட்டம் (ஒரே ஹொஸ்டிங்கைப் பல தனிக் கணக்காகப் பிரிக்க விடுவது) எடுத்து ஒவ்வொரு தளத்துக்கும் தனி சிபேனல் கணக்கு, அதாவது தனி ஹொஸ்டிங் நிர்வாகத் திரை, கொடுங்கள். சேர்வர் வேலை தெரியுமென்றால் ஒரு விபிஎஸ் (நீங்களே நிர்வகிக்கிற வாடகைச் சேர்வர்) எடுத்து ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பயனர், தனி டேட்டாபேஸ், தனி பிஎச்பி பூல் என்று பிரித்து வையுங்கள். சேர்வர் வேலை தெரியாமல் விபிஎஸ் பக்கம் போக வேண்டாம், அது இன்னொரு முழுநேரத் தலைவலி. சேர்வர் இருக்கும் இடம் சிங்கப்பூரோ மும்பையோ என்றால் இங்கிருந்து பார்ப்பவர்களுக்கு நல்லது. ஐரோப்பாவிலிருந்து புக் பண்ணுகிற ஆட்களுக்காக முன்னால், படங்கள் மாதிரியானவற்றைப் பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்தே தருகிற கிளவுட்ஃப்ளெயரின் இலவசத் திட்டத்தைப் போட்டுவிடலாம்.

டெஸ்டிங்குக்கு என்று போட்டுவிட்டு மறந்துபோன தளங்களையும் இந்த நேரத்திலேயே தேடி அழியுங்கள். யாரும் அப்டேட் பண்ணாத அந்தப் பழைய கொப்பிதான் பல இடங்களில் திருடன் வருகிற வாசல்.

அப்டேட்: எப்போது, எப்படி

திருகோணமலைக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது, தெற்கில் இருக்கிற ஆட்களுக்கு இது தலைகீழ். இங்கே சீசன் மே மாதமளவில் பிடித்து செப்டெம்பர் வரை ஓடும், வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் புறாமலைத் தீவுக்குப் படகும் இல்லை, ஆட்களும் இல்லை. பிஎச்பி பதிப்பு மாற்றுவது, தீம் மாற்றுவது, ஹொஸ்டிங் மாற்றுவது மாதிரிப் பெரிய வேலைகள் எல்லாம் நவம்பரிலிருந்து பெப்ரவரிக்குள் முடிந்துவிட வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு சுற்றுலாத் தளங்களில் பாதுகாப்பு அப்டேட் தவிர வேறு எதிலும் கை வைக்காதீர்கள். கோயில் தளம் என்றால் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை தொடாதீர்கள், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதைத் தவிர. மழைக் காலத்தில் கரண்டும் சிக்னலும் போகும் என்பதால், நீண்ட வேலைகளை உங்கள் பிரவுசரில் நம்பி ஓடவிடாமல் சேர்வரிலேயே ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலைப் பார்த்த பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நேரமும் முக்கியம். ஜேர்மனியில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அறை தேடுகிற நேரம் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். நாங்கள் சாமம் தானே என்று அப்டேட் போட்டால், சரியாக புக்கிங் வருகிற நேரத்தில் தளம் விழுந்து கிடக்கும். காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்குங்கள், கோடையில் அங்கே அப்போது அதிகாலை இரண்டரை மணி.

பதினைந்து தளத்திலும் தனித்தனியாக லொகின் பண்ணி அப்டேட் அழுத்துவது நேர விரயம். மெயின்டபிள்யூபி என்ற இலவசக் கருவியை உங்கள் சொந்த இடத்தில் போட்டுவிட்டால் எல்லாத் தளத்தையும் ஒரே திரையில் பார்க்கலாம். கட்டளை வரி பழக்கம் இருந்தால், வேர்ட்பிரஸை அதிலிருந்தே இயக்குகிற டபிள்யூபி-சிஎல்ஐ இன்னும் நல்லது. ஆனால் அந்த மெயின்டபிள்யூபி தளம் எல்லாத் தளத்துக்குமான சாவி, அதைக் கண்ட இடத்தில் வைக்க வேண்டாம், இரட்டைச் சரிபார்ப்பு இல்லாமல் ஒரு நாளும் விட வேண்டாம்.

எல்லா அப்டேட்டும் ஒரே அவசரம் இல்லை. புது வசதிகளோடு வருகிற பெரிய பதிப்புக்கு ஒரு வாரம் பொறுங்கள், மற்றவர்கள் அடி வாங்கட்டும். பாதுகாப்பு அப்டேட் என்றால் அதே நாள். 2020 செப்டெம்பரில் ஃபைல் மனேஜர் என்ற பிளகினின் ஓட்டை, திருத்தம் வருவதற்கு முன்னரே தாக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்ட்டில் 50 லட்சம் தளங்களுக்கு மேல் ஓடுகிற லைட்ஸ்பீட் கேஷ் என்ற பிளகினில் பெரிய ஓட்டை, அதே வருடம் நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டியில் இன்னொன்று, அது பாதுகாப்புக்கென்றே போடுகிற பிளகின். பிரபலமான பிளகின்தானே என்று நம்பியிருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். உங்களிடம் எல்லாத் தளத்திலும் ஒரே பிளகின்கள் இருந்தால் இப்படி ஒரு செய்தி வந்த அன்று கவலைப்பட வேண்டியது ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான்.

தானியங்கி அப்டேட்டைப் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பிலிருந்து, தானாக அப்டேட் ஆன பிளகின் தளத்தை முற்றாக விழுத்தினால் பழைய பதிப்புக்குத் தானே திரும்பிவிடும். சின்னத் தளங்களுக்குத் தாராளமாகப் போடுங்கள். காசு வாங்குகிற தளத்துக்கு மட்டும் வேண்டாம், ஏனென்றால் தளம் விழாமலே பிழையாகிப்போகும் விஷயங்கள் உண்டு: பக்கம் திறக்கும், பட்டன் வேலை செய்யாது. அதை எந்தத் தானியங்கியும் பிடிக்காது, முதலில் ஸ்டேஜிங்கில், அதாவது தளத்தின் பரிசோதனைப் பிரதியில், போட்டுப் பார்க்க வேண்டும்.

பேக்கப்

மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், ஒன்றாவது வெளியே. இது எல்லாருக்கும் தெரியும். ஹொஸ்டிங் கம்பனி தருகிற பேக்கப்பை நான் கணக்கில் எடுப்பதே இல்லை, கணக்கு முடக்கப்பட்டால் தளமும் பேக்கப்பும் சேர்ந்தே போகும். புக்கிங் வருகிற தளத்துக்கு டேட்டாபேஸ் தினமும், மற்றதற்கு வாரமொரு முறை, வெளியே ஒரு கிளவுட் சேமிப்பில். தளத்துக்குள்ளிருந்து அந்தச் சேமிப்பில் எழுத மட்டும்தான் முடிய வேண்டும், அழிக்க முடியக் கூடாது. தளத்துக்குள் வந்தவன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான்.

மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். மாதம் ஒரு தளம் என்று முறை வைத்து, பேக்கப்பை எடுத்து வேறு இடத்தில் விரித்துப் பாருங்கள். படங்கள் வருகிறதா, தமிழ் எழுத்து கேள்விக்குறியாக மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேட்டாபேஸின் எழுத்துக் குறிமுறை பிழையானால் ஆங்கிலப் பக்கமெல்லாம் சரியாக இருக்கும், தமிழ் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்கும்.

பூட்டுகள்

பாஸ்வேர்டில் ட்ரிங்கோ என்ற சொல்லும் கடையின் தொலைபேசி இலக்கமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருக்கும். வாடிக்கையாளருக்கு அட்மின் உரிமை கொடுக்க வேண்டாம், எடிட்டர் போதும். கேட்டால் கொடுங்கள், அது அவருடைய தளம். ஆனால் தனிக் கணக்காக, இரட்டைச் சரிபார்ப்போடு. கடையில் எல்லாரும் ஒரே லொகினைப் பாவித்தால் யார் எதை அழித்தார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

காசுக்கு விற்கிற தீமை இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவன் சிப் ஃபைல் அனுப்பினால் அதைத் திறக்கவே வேண்டாம், இந்த நல்ட் தீம்களில் பின்கதவு வைத்தே அனுப்புகிறார்கள். தளத்துக்குள்ளிருந்து தீம் ஃபைலைத் திருத்தும் வசதியை கொன்ஃபிக்கில் நிறுத்திவிடுங்கள். படங்கள் போகிற அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஓடாதபடி தடுங்கள், இந்த ஒரு தடுப்பே பாதிச் சனியனை வாசலோடு நிறுத்திவிடும். வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு பிளகினின் இலவசப் பதிப்பைப் பாவிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: புதிய ஃபயர்வோல் விதிகள் காசு கட்டுபவர்களுக்கு உடனே போகும், இலவசக்காரருக்கு 30 நாள் கழித்துத்தான். ஆகவே அதை நம்பி அப்டேட்டைத் தள்ளிப்போட முடியாது.

ஹேக் ஆனதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலாளியின் போனில் தளம் அச்சொட்டாகச் சரியாக இருக்கும். கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் டொமைனை எழுதித் தேடுங்கள். கெஸ்ட் ஹவுஸ் தளத்தின் பெயரில் ஜப்பானிய எழுத்தில் கைப்பை விற்கிற பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பக்கங்களை கூகுளின் ரோபோவுக்கு மட்டும் காட்டுவார்கள், சாதாரணமாக வருபவருக்குக் காட்ட மாட்டார்கள். அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. எல்லாத் தளத்தையும் கூகுளின் இலவசக் கருவியான சேர்ச் கொன்சோலில் சேர்த்து வையுங்கள், உங்களுக்குத் தெரியாத புது உரிமையாளர் யாராவது அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கண்டுபிடித்த பிறகு பதறி ஃபைல்களை அழிக்கத் தொடங்காதீர்கள். முதலில் அந்த நிலையிலேயே ஒரு கொப்பி, பிறகு தளத்தைப் பராமரிப்புப் பக்கத்தில் போடுங்கள். கோர் ஃபைல்களை, அதாவது வேர்ட்பிரஸின் சொந்த ஃபைல்களை, அசலோடு ஒப்பிட டபிள்யூபி-சிஎல்ஐயில் கட்டளை உண்டு. கோரையும் பிளகின்களையும் புதிதாக இறக்கிப் போடுவதுதான் துடைப்பதைவிட வேகம். அட்மின் பயனர்களைப் பாருங்கள், திட்டமிட்ட வேலைகளைப் பாருங்கள், எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, கொன்ஃபிக்கில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றினால் உள்ளே லொகினாகி இருக்கிற எல்லாரும் வெளியே தள்ளப்படுவார்கள். எந்த ஓட்டையால் வந்தான் என்று கண்டுபிடிக்கும் வரை வேலை முடியவில்லை.

கெஸ்ட் ஹவுஸ் தளங்களில் இன்னொரு விஷயம், பாஸ்போர்ட் கொப்பி. படிவத்தில் பாஸ்போர்ட் படத்தை ஏற்றச் சொல்லிவிட்டு அது யாரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் வருடக்கணக்கில் கிடக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நமக்கும் இருக்கிறது. வந்த பிறகு ரிசெப்ஷனில் பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பகுதியைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சத்தமில்லாமல் சாகிறவை

தளம் விழுந்தால் அரை மணி நேரத்தில் போன் வரும்: "தம்பி, வெப்சைட் திறக்குதில்லை, என்னெண்டு பாருங்கோ." படிவம் செத்தால் யாரும் போன் பண்ண மாட்டார்கள். சீசன் பாதி போன பிறகு "இந்த முறை புக்கிங்கே இல்லை" என்பார்கள். சேர்வரிலிருந்து நேரே போகிற மெயில் ஸ்பாமுக்குப் போகும், அல்லது போகவே போகாது. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் இறுக்கம். ஒழுங்கான எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சேவை வழியாக அனுப்பி, மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டிஎன்எஸ்ஸில் போடுங்கள். படிவத் தகவல் மெயிலில் மட்டும் போகாமல் தளத்துக்குள்ளும் சேமிக்கப்பட வேண்டும். மாதம் ஒரு முறை நீங்களே போனிலிருந்து ஒரு பொய்ப் புக்கிங் போடுங்கள், முதலாளியிடம் வந்ததா என்று கேளுங்கள்.

எஸ்எஸ்எல்லும், அதாவது பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழும், இந்த வகைதான். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள், தானாகப் புதுப்பிக்கும், டிஎன்எஸ் மாற்றினால் சில வேளை புதுப்பிக்காது. முன்பு முடியப்போகிறது என்று மெயில் வரும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். எந்தக் கம்பனியின் சான்றிதழானாலும் 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகச் சுருங்கப்போகிறது, ஆகவே கையால் புதுப்பிக்கிற கதை முடிந்தது. அப்டைம் குமா மாதிரி ஒரு கண்காணிப்பை வேறொரு சேர்வரில் வைத்தால் சான்றிதழ் நாளையும் சேர்த்துப் பார்க்கும். தளம் பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்க வைக்காமல், பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்க வையுங்கள். வெள்ளைப் பக்கமும் சில நேரம் எல்லாம் சரி என்றே பதில் சொல்லும்.

வேகம்

கூகுளின் அளவுகோல் மூன்று: பெரிய படம் 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிசெக்கனுக்குள் அசைய வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. நம் ஊர்த் தளங்களில் முதலாவதுதான் அடிபடும், காரணம் எப்போதும் படம். முதலாளி ட்ரோனில் எடுத்த நிலாவெளிக் கடற்கரைப் படத்தை அப்படியே ஏற்றிவிடுவார். வேர்ட்பிரஸ் அதை 2560 பிக்சலுக்குச் சுருக்கிக்கொள்ளும், ஆனால் அசலையும் வைத்துக்கொள்ளும், அதனால் டிஸ்க்கும் நிறையும், பேக்கப்பும் பருக்கும். வெப்பி என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றுங்கள், முகப்பில் 1600 பிக்சல் அகலம் போதும், அந்த முதல் படத்துக்கு மட்டும் லேசி லோட் (திரைக்கு வரும்போதுதான் படத்தை இறக்குவது) போடாதீர்கள். முகப்பில் வீடியோ ஓட வேண்டும் என்று கேட்டால் அவரின் சொந்தப் போனில், வைஃபையை நிறுத்திவிட்டு, திறந்து காட்டுங்கள். விளக்கம் தேவைப்படாது.

தமிழ்த் தளத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு. அழகுக்காக நாலு தமிழ் எழுத்துரு ஏற்ற வேண்டியதில்லை, அன்ட்ரொய்டிலும் விண்டோஸிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, உடல் எழுத்துக்கு அதையே விட்டால் ஒரு கிலோபைட்டும் செலவில்லை. கோயில் சபையும் பாடசாலைகளும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த டொக்யூமென்டைத்தான் அனுப்புவார்கள், அதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் கூகுளுக்கு அது வெறும் ஆங்கிலக் குப்பை. மாற்றிய பிறகு ஒரு முறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

முகவரியைத் தமிழில் வைக்க ஆசையாக இருக்கும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் 9 எழுத்தாக விரியும், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் 'கோணேஸ்வரம்' என்ற ஒரு சொல்லே 90 எழுத்து. வேர்ட்பிரஸ் 200இல் வெட்டிவிடும். 'திருகோணமலை கோணேஸ்வரம்' என்று தலைப்பு வைத்தால் அதோடு இடம் முடிந்தது, மூன்றாவது சொல் பாதியில் அறுந்து நிற்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் முழம் நீளத்துக்கு வீதக்குறியாக வரும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியைச் சின்னதாக ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

காசு

பராமரிப்புக்கு வருட ஒப்பந்தம் எழுதுங்கள், இரண்டு பக்கம் போதும். எதெல்லாம் அடங்கும், எது புது வேலை, ஹேக் ஆனால் எத்தனை மணி நேரத்தில் தொடுவீர்கள். ஹொஸ்டிங் பில் டொலரில் வருகிறது, 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது எல்லாருக்கும் தெரியும், ஆகவே ஹொஸ்டிங்கைத் தனி வரியாக, அன்றைய விலைக்கு என்று எழுதுங்கள். சீசனில் பணம் புரளும்போதே வருடக் காசை வாங்கிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது, மார்கழியில் கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் பில் நீட்டுவது பாவம். மாதம் ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள், என்ன செய்தோம், எத்தனை விசாரணை வந்தது, அவ்வளவுதான். ஒன்றும் நடக்காத மாதத்திலும் அனுப்பாவிட்டால் "நீங்கள் ஒன்றும் செய்யிறேல்லையே" என்ற கேள்வி வரும்.

ஒருவர் வேறு ஆளிடம் போகிறேன் என்றால் முழு பேக்கப், டொமைன் விபரம், எல்லா லொகின், எந்தெந்த பிளகினுக்கு உங்கள் லைசன்ஸ் ஓடுகிறது என்ற பட்டியல், இவ்வளவையும் கொடுத்து, உங்கள் சொந்தக் கணக்கை அதிலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மெயின்டபிள்யூபியிலிருந்தும் கண்காணிப்பிலிருந்தும் அந்தத் தளத்தை எடுத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது விழும்போதெல்லாம் சாமத்தில் உங்கள் போன்தான் அலறும்.